ஜூன் பிறந்துவிட்டது, இனி வெளிநாட்டுப் பாடசாலை வேலை கிடைக்குமா?

கோண்டாவிலில் இருந்து ஓர் ஆசிரியை நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 33. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் பட்டம் பெற்றவர். ஏழு வருடமாக நகரில் ஒரு சர்வதேசப் பாடசாலையில் லண்டன் ஓ.எல்., ஏ.எல். பிள்ளைகளுக்குப் பௌதிகவியலும், கீழ் வகுப்புகளுக்குக் கணிதமும் படிப்பிக்கிறார். கணவருக்குத் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை. நாலு வயதில் ஒரு மகள். வீடு கட்டிய கடன் இன்னும் முடியவில்லை. வளைகுடாவில் இரண்டு மூன்று வருடம் வேலை செய்தால் கடனை அடைத்துவிடலாம் என்று மார்ச் மாதம் தொடங்கி நாற்பதுக்கு மேற்பட்ட பாடசாலைகளுக்கு விண்ணப்பித்திருக்கிறார். பதில் வந்தது இரண்டிலிருந்துதான். இரண்டும் "இடங்கள் நிரம்பிவிட்டன" என்றன.

இதற்கிடையில் உறவினர் மூலம் அறிமுகமான ஒருவர், டுபாயில் ஒரு பாடசாலையில் இடம் இருக்கிறது, மொத்தம் ஆறு இலட்சம், முற்பணம் இரண்டு இலட்சம், விசிட் விசாவில் போய் இறங்கினால் அங்கே மாற்றிவிடலாம் என்கிறார். அம்மா நகையை அடகு வைக்கத் தயாராக இருக்கிறார். கணவர் தயங்குகிறார். "உடனே வரக்கூடியவர்" என்று காட்டுவதற்காக இந்த மாதமே வேலையை விட்டுவிடலாமா, பிரித்தானியப் பல்கலைக்கழகம் ஒன்றின் இணையவழி பி.ஜி.சி.ஈ.க்கு (பட்டதாரிகளுக்கான ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழுக்கு) பணம் கட்டலாமா என்றும் கேட்கிறார். அவருடைய பட்டச் சான்றிதழின் மூலப்பிரதியை, வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே பாடசாலை வாங்கித் தன் ஆவணக் கோவையில் வைத்துவிட்டது. அதிபருக்கு இந்த முயற்சி எதுவும் தெரியாது. கடிதத்தின் கடைசி வரி: "நான் பிந்திவிட்டேனா மிஸ்?"

தங்கச்சி, அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். முதல் சுற்றுக்குப் பிந்திவிட்டீர்கள். இனி வருவது வேறு மாதிரியான சுற்று. அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது, ஆனால் அதற்கு வேண்டிய கடதாசிகள் உங்கள் கையில் இல்லை. நாற்பது விண்ணப்பத்துக்கு இரண்டு பதில் வந்தது எனக்குப் பெரிய கவலையாகப் படவில்லை. பாடசாலைக் கோவைக்குள் கிடக்கும் பட்டச் சான்றிதழும், அடகுக்குப் போகக் காத்திருக்கும் அம்மாவின் நகையும்தான் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்தன.

இந்தப் பருவம் எப்படி ஓடுகிறது

செப்டெம்பரில் வருடம் தொடங்கும் பாடசாலைகள், முந்தின நவம்பர், டிசெம்பரிலேயே தங்கள் ஆசிரியர்களிடம் "அடுத்த வருடம் இருக்கிறீர்களா, போகிறீர்களா" என்று எழுத்தில் கேட்டுவிடும். அதை வைத்து விளம்பரம் போடும். ஜனவரி, பெப்ரவரியில் ஆட்சேர்ப்புச் சந்தைகள் நடக்கும். நல்ல சம்பளமும் நல்ல பெயரும் உள்ள இடங்கள் மார்ச்சுக்குள் பெரும்பாலும் நிரம்பிவிடும். நீங்கள் அந்த மார்ச்சில்தான் தொடங்கியிருக்கிறீர்கள். ஆகவே அந்த மௌனத்தை உங்கள் திறமைக்குப் போட்ட புள்ளியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஏப்ரல், மேயில் சங்கிலி ஓடும். ஒருவர் மேலான இடம் கிடைத்துப் போவார், அவருடைய கதிரை வெறிதாகும். அதற்கு வருபவர் இன்னொரு கதிரையை விட்டுவிட்டு வருவார். ஜூன், ஜூலையில் காரணங்கள் மாறும். யாருக்காவது விசா மறுக்கப்படும். ஒருவர் மருத்துவப் பரிசோதனையில் தடைப்படுவார். இன்னொருவர் தாய்க்குச் சுகமில்லை என்று கடைசி நேரத்தில் விலகுவார். எதிர்பார்த்ததைவிடப் பிள்ளைகள் கூடச் சேர்ந்ததால் புதிதாக ஒரு வகுப்புப் பிரிக்க வேண்டி வரும். ஓகஸ்ட் வாக்கில், நல்லூர்க் கோவிலில் கொடியேறும் நேரத்தில்கூட இப்படியான அழைப்புகள் வருவதுண்டு.

இதோடு அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு திகதியையும் சொல்கிறேன். இங்கிலாந்தின் அரச பாடசாலை ஆசிரியர் ஒருவர் ஓகஸ்ட் முடிவோடு விலக வேண்டுமென்றால், வழக்கமான ஒப்பந்தப்படி மே 31க்குள் விலகல் கடிதம் கொடுத்திருக்க வேண்டும். அந்தத் திகதி கடந்துவிட்டால் அவர் பெரும்பாலும் டிசெம்பர் வரை கட்டுப்பட்டவர். வளைகுடாவில் உள்ள பிரித்தானியப் பாடத்திட்டப் பாடசாலைகள் வழமையாக முதலில் தேடுவது அவர்களைத்தான். மே 31க்குப் பிறகு அந்த வரிசை மெலிந்துவிடும். ஜூனில் ஒரு பௌதிகவியல் இடம் வெறிதானால், பாடசாலை தன் பட்டியலில் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கிப் பார்க்கத்தான் வேண்டும். பௌதிகவியல் எங்கேயும் ஆள் தட்டுப்பாடான பாடம். இதைத்தான் உங்களுக்கு வாய்ப்பு என்கிறேன்.

நான் கட்டாரில் இரசாயனவியல் படிப்பித்த காலத்தில் நடந்த ஒன்று. வருடத்தின் முதல் நாள், ஆசிரியர் அறையில் புதிய கணித ஆசிரியரின் மேசையில் பெயர் ஒட்டியிருந்தது, புத்தகங்களும் அடுக்கி வைத்திருந்தார்கள். ஆளைக் காணவில்லை. விசா வரவில்லை. அவருடைய வகுப்புகளை நாங்கள் மூன்று பேர் பிரித்து எடுத்தோம். அடுத்த கிழமை பாடசாலை பழைய விண்ணப்பங்களைத் தோண்டி எடுத்து நாலு பேருடன் பேசியது. நாலு பேரில் திறமைசாலி வேறொருவர் என்று துறைத் தலைவர் வெளிப்படையாகவே சொன்னார். ஆனால் அத்தாட்சிப்படுத்திய பட்டமும் பொலிஸ் கிளியரன்ஸும் (குற்றப் பதிவு இல்லை என்ற பொலிஸ் சான்றிதழும்) கையில் வைத்திருந்தவருக்குத்தான் வேலை போனது. வகுப்பில் ஆசிரியர் இல்லாமல் நிற்கும் பாடசாலை முதலில் கேட்பது "எப்போது வந்து சேர்வீர்கள்" என்பதைத்தான்.

உங்கள் கடதாசிகள்

அதனால் இந்தக் கிழமை விண்ணப்பம் அனுப்புவதைவிடச் சான்றிதழை மீட்பது முக்கியம். பட்டச் சான்றிதழ் உங்கள் உடைமை. சரிபார்க்கப் பார்க்கலாம், பிரதி எடுத்து வைக்கலாம். மூலப்பிரதியைப் பிடித்து வைத்திருக்க ஒரு பாடசாலைக்கு உரிமை இல்லை. சண்டை பிடிக்கத் தேவையில்லை. "எனது பட்டச் சான்றிதழை அத்தாட்சிப்படுத்த வேண்டியிருப்பதால் மூலப்பிரதியைத் தந்துதவவும்" என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி, அலுவலகத்தில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதியுடன் கையெழுத்து வாங்குங்கள். இரண்டு கிழமையில் தராவிட்டால் இன்னொரு கடிதம். அதற்கும் அசையாவிட்டால் தொழில் திணைக்களத்தின் யாழ்ப்பாண அலுவலகத்தில் போய்ப் பேசலாம். என் அனுபவத்தில் முதல் கடிதத்திலேயே பெரும்பாலும் வந்துவிடும். அலுமாரியில் கிடப்பதை யாரும் கேட்காததால்தான் அது அங்கே கிடக்கிறது.

கையில் வந்ததும் பல்கலைக்கழகத்தில் உறுதிப்படுத்தி, வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் முத்திரை பெற வேண்டும். இதற்காக இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. யாழ்ப்பாணக் கச்சேரியிலேயே, அதாவது மாவட்டச் செயலகத்திலேயே, பிராந்திய கொன்சியூலர் அலுவலகம் இருக்கிறது. அதற்கு அடுத்த படிதான் கொழும்பில் உள்ள அந்தந்த நாட்டுத் தூதரகம். எந்த நாடு என்று முடிவாகாமல் அதைச் செய்ய முடியாது. முதல் இரண்டு படிகளையும் இப்போதே முடித்து வைத்தால், வேலை உறுதியாகும் நாளில் பாதி தூரம் கடந்திருப்பீர்கள். மகளையும் கணவரையும் பிறகு கூப்பிடும் எண்ணம் இருந்தால் திருமணச் சான்றிதழையும் மகளின் பிறப்புச் சான்றிதழையும் இதோடு சேருங்கள். தமிழில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலப் பிரதி எடுக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் பலரைச் சறுக்க வைக்கும் ஒரு சிக்கல் பெயர். பட்டச் சான்றிதழில் தகப்பன் பெயர் முன்னுக்கு இருக்கும், கடவுச்சீட்டில் கணவர் பெயர் பின்னுக்கு இருக்கும். ஒன்றில் இரண்டு எஸ், மற்றதில் ஒன்று. பிறப்புச் சான்றிதழில் வேறொரு எழுத்துக்கூட்டல். நாங்கள் எல்லாவற்றையும் ஒரே ஆள் என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவோம். வெளிநாட்டு அலுவலகத்தில் இருக்கும் எழுதுவினைஞருக்கு அது மூன்று ஆட்கள். இன்றிரவு எல்லாக் கடதாசியையும் மேசையில் பரப்பி, ஆங்கிலப் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால், இவையெல்லாம் ஒரே ஆளின் பெயர்கள் என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள். கடவுச்சீட்டின் காலாவதித் திகதியையும் பாருங்கள்.

பொலிஸ் கிளியரன்ஸை இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அண்மையில் எடுத்ததைத்தான் பாடசாலைகள் கேட்கும், அதனால் போன வருடம் எடுத்திருந்தாலும் இப்போது புதிதாக எடுப்பதே நல்லது. சேவைக்காலத்தை நிரூபிக்க அதிபரின் கடிதம் பிந்தினால், ஊழியர் சேமலாப நிதிப் பதிவு கைகொடுக்கும். உங்கள் 8 வீதமும் பாடசாலையின் 12 வீதமும் மாதா மாதம் போயிருந்தால், ஏழு வருடமும் அங்கே எழுத்தில் இருக்கிறது. போகவில்லை என்றால் அதையும் இப்போதே அறிந்துகொள்வது உங்களுக்கு நல்லது.

அந்த ஆறு இலட்சம்

கொடுக்காதீர்கள். இரண்டு இலட்சமும் வேண்டாம், "நம்பிக்கைக்கு ஐம்பதாயிரம்" என்று இறங்கி வந்தாலும் வேண்டாம்.

ஐக்கிய அரபு இராச்சியத்தின் 2021ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் தொழிற்சட்டம், ஆட்சேர்ப்புச் செலவை நேரடியாகவோ மறைமுகமாகவோ தொழிலாளியிடம் அறவிடுவதைத் தடை செய்கிறது. அந்தச் செலவு பாடசாலையுடையது. முறையான வழியில், வேலைவாய்ப்புக் கடிதம் முதலில் வரும், நீங்கள் அதில் கையெழுத்திடுவீர்கள், அதன் பிறகே பாடசாலை உங்களுக்கு நுழைவு அனுமதி எடுக்கும். பின்னர் பதியும் ஒப்பந்தம் அந்தக் கடிதத்தோடு பொருந்த வேண்டும். உங்களுக்குச் சொன்ன வழியில் கடிதமும் இல்லை, பாடசாலையின் பெயரும் இல்லை. உங்கள் கடிதத்தில் "டுபாயில் ஒரு பாடசாலை" என்றுதான் மூன்று இடத்திலும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆள் பாடசாலையின் பெயரைச் சொல்லவில்லை என்றால், நேர்முகத் தேர்வு இல்லாமல் ஆசிரியரை எடுக்கும் பாடசாலை எது என்று கேளுங்கள்.

விசிட் விசாவை உள்ளேயே வேலை விசாவாக மாற்றலாம் என்பது முழுப் பொய்யல்ல, அப்படி மாற்றியவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கதையை நம்பத் தோன்றுகிறது. ஆனால் மாறும்வரை ஒரு நாள் வகுப்பெடுத்தாலும் அது சட்டவிரோத வேலை. மாறாவிட்டால் திரும்பும் செலவு உங்கள் தலையில். விசிட் விசாவில் வேலைக்குப் போக வேண்டாம் என்று இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமும் எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. பணியகத்தில் பதியாமல் போனால் அங்கே ஒரு பிரச்சினை வரும்போது உங்களுக்காகப் பேச இங்கே கோவை இருக்காது. அந்த ஆளின் நிறுவனத்துக்கு உரிமம் இருக்கிறதா, இந்த வேலைக்கான அனுமதி பணியகத்திடம் பெறப்பட்டிருக்கிறதா என்று 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். உறவினரின் முகத்துக்காகக் கேட்காமல் விட வேண்டாம். "பணியகத்தில் கேட்டுப்போட்டுச் சொல்லுறன் அண்ணை" என்று அவரிடமே சொல்லிப் பாருங்கள். நேர்மையான ஆள் இலக்கத்தைத் தருவார்.

உங்கள் கணவரின் தயக்கத்தைப் பயம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது பொறுப்பாகத் தெரிகிறது. இந்தப் பகுதியை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள். பிள்ளைக்காகக் காப்பைக் கழற்ற நினைக்கும் மனதை நான் மதிக்கிறேன். அந்தக் காப்பு பிறகு வீட்டு வாடகை முற்பணத்துக்கோ மகளின் விமானச் சீட்டுக்கோ உதவட்டும்.

எங்கே தேடுவது, எதை அனுப்புவது

"வெள்ளைக்காரருக்குத்தான் கொடுக்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். சில பாடசாலைகளில் அது உண்மை, அதை நான் மூடி மறைக்கப் போவதில்லை. கடவுச்சீட்டைப் பார்த்துச் சம்பளம் போடும் இடங்களும் இருக்கின்றன. உயர்ந்த கட்டணம் வாங்கும் பிரித்தானியப் பாடசாலைகள் இங்கிலாந்தின் கியூ.ரி.எஸ். என்ற அங்கீகரிக்கப்பட்ட ஆசிரியர் தகுதியையும் அங்கே படிப்பித்த அனுபவத்தையும் விளம்பரத்திலேயே கேட்கும். உங்கள் பட்டியலில் இருந்த நாற்பதில் முப்பதுக்கு மேல் அப்படியானவை. அவற்றை விடுங்கள்.

நடுத்தரக் கட்டணத்தில் கேம்பிரிட்ஜ், எடெக்செல் ஆகிய பிரித்தானியப் பரீட்சைச் சபைகளின் பாடத்திட்டம் படிப்பிக்கும் பாடசாலைகள் வளைகுடாவில் நிறைய. அவற்றில் தெற்காசிய ஆசிரியர்கள் பலர் வேலை செய்கிறார்கள். தோஹாவில் ஸ்ராஃபோர்ட் இலங்கைப் பாடசாலையும் மஸ்கட்டில் இலங்கைப் பாடசாலையும் இருக்கின்றன. இலங்கையர்களின் பட்டமும் அனுபவமும் என்னவென்று அங்கே விளக்க வேண்டியதில்லை. இந்தியப் பாடத்திட்டப் பாடசாலைகளுக்கு அங்கே வருடம் ஏப்ரலில் தொடங்குகிறது, கோடை விடுமுறையில் சில ஆசிரியர்கள் திரும்பி வராமல் போவதால் அவற்றிலும் ஓகஸ்டில் இடம் வரும். மாலைதீவும் இலங்கை, இந்திய ஆசிரியர்களை எடுக்கும் நாடு, கிட்டவும் இருக்கிறது. சம்பளம் வளைகுடாவைவிடக் குறைவாக இருக்கலாம், மகளை விட்டுப் போகும் தூரமும் குறைவு. அந்த நிறுவையை நீங்கள்தான் பிடிக்க வேண்டும்.

டுபாயில் பாடசாலைகளை மேற்பார்வை செய்யும் கே.எச்.டி.ஏ. தன் ஆய்வறிக்கைகளை எல்லோரும் பார்க்க இணையத்தில் வைத்திருக்கிறது. விண்ணப்பிக்கும் முன் அரை மணி நேரம் அதை வாசியுங்கள். ஆசிரியர்கள் அடிக்கடி மாறுகிறார்கள் என்று அறிக்கை சொன்னால், இடம் ஏன் வெறிதாக இருக்கிறது என்பது விளங்கிவிடும். பிந்திய பருவத்தில் கிடைப்பதெல்லாம் மோசமான பாடசாலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மோசமான பாடசாலைகளுக்கு எந்தப் பருவத்திலும் இடம் இருக்கும்.

சரி, உங்கள் சுயவிபரக்கோவை. நாலு பக்கம். முதல் பக்கத்தில் தேசிய அடையாள அட்டை இலக்கம், சமயம், தகப்பன் பெயர், பாடசாலைக் காலத்து வலைப்பந்தாட்டம். நீங்கள் படிப்பிப்பது எந்தப் பாடத்திட்டம் என்பது மூன்றாம் பக்கத்தில் வருகிறது. அவசரத்தில் ஆள் தேடும் அதிபர் அந்த மூன்றாம் பக்கத்துக்கு வர மாட்டார். அடையாள அட்டை இலக்கத்தை முன்பின் தெரியாதவருக்கு அனுப்பவும் வேண்டாம். முதல் அரைப்பக்கத்தில் இவ்வளவு போதும்: பௌதிகவியல் பட்டதாரி, ஏழு வருடம், கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.ஈ. (லண்டன் ஓ.எல்.) பாட இலக்கம் 0625, ஏ.எல். பாட இலக்கம் 9702 படிப்பித்தது (நீங்கள் எடெக்செல் என்றால் அதன் பெயரையும் இலக்கத்தையும்), போன மூன்று வருடப் பெறுபேறு, கீழ் வகுப்புக் கணிதமும் எடுப்பேன், பட்டம் அத்தாட்சிப்படுத்தியாயிற்று, எந்தத் திகதியில் வந்து சேரலாம். மொத்தம் இரண்டு பக்கம். மின்னஞ்சலின் தலைப்பிலேயே பாடத்தையும் வரக்கூடிய திகதியையும் போடுங்கள்.

நாளும் நேரமும் பார்த்து அனுப்புங்கள். கட்டாரிலும் ஓமானிலும் வெள்ளி, சனி விடுமுறை. ஞாயிறு காலை அவர்களுக்குக் கிழமையின் முதல் வேலைநாள். ஐக்கிய அரபு இராச்சியம் 2022இலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. ஜூலை தொடக்கத்தில் அங்கே பாடசாலைகள் மூடும். அதற்குப் பிறகு அலுவலகத்தில் ஒன்றிரண்டு பேர்தான் இருப்பார்கள், ஓகஸ்ட் நடுப்பகுதியில் மீண்டும் உயிர் வரும். ஆகவே ஜூன் மாதம் முழுவதும் அனுப்புங்கள், ஓகஸ்டில் அதே பாடசாலைகளுக்கு இரண்டு வரியில் நினைவூட்டுங்கள். ஆசிரியரிடம் பணம் வாங்காத டெஸ் போன்ற வேலை விளம்பரத் தளங்களும் பாடசாலைகளின் சொந்த இணையத்தளங்களுமே உங்களுக்குப் போதும்.

நேர்முகத் தேர்வு சூமில்தான் நடக்கும். பெரும்பாலும் பத்து நிமிடம் ஒரு பாடம் எடுத்துக் காட்டச் சொல்வார்கள். ஸ்லைட் தயாரிக்காதீர்கள். இரண்டு டோர்ச் பற்றரி, ஒரு சின்ன மின்குமிழ், கொஞ்சம் வயர் போதும். ஒரு பற்றரியில் குமிழ் மங்கலாக எரியும். "இன்னொன்றைத் தொடராக இணைத்தால் என்ன நடக்கும்?" என்று கமராவைப் பார்த்துக் கேட்டு, அவர்கள் பதில் சொல்லும்வரை பேசாமல் காத்திருங்கள். பிள்ளையை யோசிக்க விடுகிறீர்களா என்பதைத்தான் பார்க்கிறார்கள். தோஹாவில் காலை 10 மணி என்றால் எங்களுக்கு 12.30; மகள் முன்பள்ளியால் வரும் நேரம், யாராவது வீட்டில் நிற்க வேண்டும். கரண்ட் போனால் தொலைபேசியில் தொடர டேட்டா போட்டு வையுங்கள்.

வேலையை விடுவதும் அதிபரிடம் சொல்வதும்

இந்த மாதம் விலகக் கூடாது. "உடனே வரக்கூடியவர்" என்பதற்கு வேலையில்லாதவர் என்று பொருள் இல்லை. உங்கள் நியமனக் கடிதத்தில் ஒரு மாத முன்னறிவித்தல் என்று எழுதியிருக்கிறீர்கள். விசாவுக்கே அந்த ஒரு மாதம் போய்விடும். வேலை இல்லாமல் இருந்தால் கைவசம் சம்பளம் இருக்காது, பேரம் பேசும் துணிவும் இருக்காது, அப்போது அந்த ஆறு இலட்சக்காரரின் பேச்சு இன்னும் இனிமையாகக் கேட்கும். கையெழுத்திட்ட வேலைவாய்ப்புக் கடிதம் வந்து, நுழைவு அனுமதியும் வந்த பிறகு விலகல் கடிதம் கொடுங்கள்.

அதிபரிடம் மறைப்பது மட்டும் சரிவராது. பிள்ளைகளின் பாதுகாப்புக்காக இப்போது நல்ல சர்வதேசப் பாடசாலைகள் தற்போதைய அதிபரிடம் நேரடியாகக் கேட்காமல் ஆளை எடுப்பதில்லை. வட்ஸ்அப்பில் திடீரென்று தோஹாவிலிருந்து ஒரு கேள்வி வந்து, அப்போதுதான் அவருக்கு விஷயம் தெரிந்தால், அவர் எழுதும் நாலு வரியில் அந்தக் கோபம் தெரியும். எல்லா விண்ணப்பத்துக்கும் முன்னால் சொல்லத் தேவையில்லை. நேர்முகத் தேர்வுக்கு முதல் அழைப்பு வந்த அன்று போய்ச் சொல்லுங்கள்: "சேர், வீட்டுக் கடன் காரணமா வெளிநாட்டுக்கு முயற்சி செய்யிறன். கிடைச்சால் ஒரு மாதம் முன்கூட்டிச் சொல்லி, ஏ.எல். பிள்ளையளின்ர பாடத்தை முடிச்சுக் கொடுத்திட்டுத்தான் போவன். உங்களிட்ட கேட்டால் என்னைப் பற்றி எழுதுவீங்களோ?" ஏழு வருடம் உங்கள் வகுப்பறையைப் பார்த்தவர். அவர் முகம் சுருங்கினாலும், இதைக் கேட்டதற்காக வேலையை எடுத்துவிட மாட்டார் என்றே நினைக்கிறேன். அவ்வளவு நம்பிக்கை இல்லாத சூழல் என்றால், துறைத் தலைவரையும் பழைய அதிபரையும் முதலில் கேட்டு வையுங்கள்.

பி.ஜி.சி.ஈ. பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இணையவழிச் சர்வதேச பி.ஜி.சி.ஈ. முடித்தால் கியூ.ரி.எஸ். தானாக வந்துவிடும் என்று நினைத்திருக்கிறீர்கள். வராது, இரண்டும் வேறு வேறு. ஐ.கியூ.ரி.எஸ். என்று இங்கிலாந்து அங்கீகரித்த இன்னொரு பாதை இருக்கிறது, அதன் செலவும் நிபந்தனைகளும் வேறு. எப்படியும் இந்த செப்டெம்பருக்கு அந்தப் பணம் உதவாது. நீண்டகாலம் இந்தத் தொழிலில் நிற்கப் போகிறீர்கள் என்றால், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அல்லது திறந்த பல்கலைக்கழகத்தின் கல்விப் பட்டப்பின் டிப்ளோமாவை முதலில் விசாரியுங்கள். திறந்த பல்கலைக்கழகத்தின் நிலையம் உங்களுக்குப் பக்கத்தில், கொக்குவிலில்தான் இருக்கிறது.

வேலைவாய்ப்புக் கடிதம் வந்தால் சந்தோஷத்தில் அன்றே கையெழுத்திட வேண்டாம், ஒரு இரவு வைத்திருங்கள். பிந்திய பருவத்தில் சில பாடசாலைகள் "உள்ளூர் நியமனம்" என்ற பெயரில் வீடும் விமானச் சீட்டும் இல்லாத பொதியை நீட்டும். வீடு யார் தருவது, எத்தனை பேர் பகிர்வது, கணவருக்கும் மகளுக்கும் விசா கிடைக்குமா, மகளின் பாடசாலைக் கட்டணத்தில் எவ்வளவு கழிவு, விடுமுறை மாதங்களுக்குச் சம்பளம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, கொடுப்பனவு எவ்வளவு என்ற பிரிப்பையும் பாருங்கள். ஐக்கிய அரபு இராச்சியத்தில் ஒரு வருடம் முடித்தவருக்கு, முதல் ஐந்து வருடங்களில் வருடத்துக்கு 21 நாள் சம்பளம், வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடையாகச் சேரும். அது அடிப்படைச் சம்பளத்தில்தான் கணக்கிடப்படும். மொத்தத் தொகையைப் பெரிதாகக் காட்டி அடிப்படையைச் சின்னதாக வைத்திருந்தால் இழப்பு உங்களுக்கு. தகுதிகாண் காலம் ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஓகஸ்ட் முடிவில் ஒன்றும் அமையாமல் போகலாம், அதற்கும் மனதைத் தயார் செய்து வையுங்கள். இங்கிலாந்து ஆசிரியர்களுக்கு அடுத்த விலகல் திகதி ஒக்டோபர் 31. அதையொட்டி ஜனவரியில் தொடங்கும் இடங்கள் வரும், மகப்பேற்று விடுமுறைக்கான பதில் ஆசிரியர் இடங்களும் வரும். நவம்பரில் புதிய பருவம் தொடங்கும்போது உங்கள் கடதாசி எல்லாம் ஒரே கோவையில் இருக்கும், சம்பளமும் வந்துகொண்டிருக்கும், நகையும் வீட்டில் இருக்கும்.

திங்கட்கிழமை பாடசாலை அலுவலகத்தில் அந்த ஒரு பக்கக் கடிதத்தைக் கொடுங்கள். சான்றிதழ் எத்தனையாம் நாள் கைக்கு வந்தது என்று எனக்கு எழுதுங்கள். இரண்டு பக்கமாகச் சுருக்கிய சுயவிபரக்கோவையையும் அனுப்புங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன்.